பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, மதுவரித் திணைக்களத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவருடைய பேத்திக்கு நான் உயர்தர இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். போன ஆவணியில் ஒரு நாள் மாலை, வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப் போக வந்தவர், துவாயில் சுற்றிய பெட்டியொன்றை என் மேசையில் வைத்தார். "மாஸ்டர், நான் இருக்குமட்டும் இது என்ர அலுமாரியில இருக்கும். எனக்குப் பிறகு பழைய பித்தளைக்கு நிறுத்துக் குடுத்திடுவினம். உங்களிட்ட இருந்தால் நாலு பிள்ளையளாவது பார்க்குங்கள்" என்றார். கந்தோருக்குக் கண்ணாடிக் கருவிகள் வந்த பிறகு, பழையவற்றைக் கழித்து ஏலம் விட்டபோது அவர் விலை கொடுத்து எடுத்த பெட்டி அது.

திறந்தால் உள்ளே நிறம் மங்கிய வெல்வெட் துணி. அதில் பதித்தாற்போல ஒரு பித்தளைக் கருவி படுத்திருக்கிறது. நடுவில் சின்னத் தேசிக்காய் அளவிலான உள்ளீடற்ற குண்டு. அதன் மேலே நான்கு பக்கமாகத் தட்டையாக்கிய மெல்லிய தண்டு. தண்டில் 0 முதல் 10 வரை கோடுகள். கீழே சரிந்து கூராகும் இன்னொரு தண்டு, அதன் நுனியில் ஒரு குமிழ். பக்கத்தில் 10, 20, 30 என்று 90 வரை எண் வெட்டிய வட்ட எடைகளுக்கான குழிகள், ஒரு சதுரத் தொப்பி எடை, பரனைட் வெப்பமானி, அட்டவணைப் புத்தகம். வெப்பமானியின் கண்ணாடி முறிந்துவிட்டது. 20 என்ற எடையின் குழி வெறுமையாக இருக்கிறது. மற்றவை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. இது சைக்ஸ் நீர்மானி: திரவத்தில் மிதக்கவிட்டு, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு சாராயத்தின் வலுவை அறியும் கருவி. பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவற்றிலும், ஒரு பீப்பாய்ச் சாராயத்துக்கு எவ்வளவு தீர்வை என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதில் சொன்ன கருவி இதுதான்.

அந்தப் பெட்டியை வாங்கி வைத்த நாளிலிருந்து இந்தக் கருவி பிறந்த கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். குடியைப் பற்றி எனக்கு இங்கே சொல்ல ஏதுமில்லை. வரி இறுப்பவனும் வரி வாங்குபவனும் ஒரே கோட்டைப் பார்த்து, ஒரே எண்ணைச் சொல்லும்படி செய்வதற்கு எத்தனை பேர் எவ்வளவு காலம் உழைக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் மதுவகைகள் மீதான உள்நாட்டுத் தீர்வை 1643 இல் வந்தது. தண்ணீருக்குத் தீர்வை கிடையாது, மதுசாரத்துக்குத்தான் தீர்வை. ஆனால் பீப்பாயில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. கலன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை விதித்தால், வடிப்பவர் மிக வலுவான சரக்கை வடித்துத் தீர்வையைக் கட்டிவிட்டு, பிறகு தண்ணீரை ஊற்றி இரட்டிப்பாக்கி விற்றுவிடலாம். வலுவுக்கு ஏற்ற தீர்வை என்றாலோ, அந்த வலு எவ்வளவு என்பதை யார், எதைக் கொண்டு சொல்வது என்ற தகராறு எழும். நாட்பட்ட தேறலின் கடுமையைத் தேள் கொட்டிய கடுப்போடு ஒப்பிட்ட மரபு நம்முடையது. அந்த உவமையின் அழகை நான் இன்றும் வியக்கிறேன். ஆனாலும் ஒருவருடைய நாக்கின் கடுப்பை இன்னொருவர் கணக்கில் எழுத முடியாது.

நாக்குக்கு அடுத்தபடியாகக் கண்ணை நம்பினார்கள். சிறிய கண்ணாடிக் குப்பியில் சாராயத்தை எடுத்துக் குலுக்கினால் மேலே குமிழிகள் மணி கோத்தாற்போல எழும். அவை எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பார்த்து, பழகிய கண் வலுவைச் சொல்லும். இன்னொரு முறை, ஒரு துளி எண்ணெய் விட்டுப் பார்ப்பது. மதுசாரம் கூடக்கூடத் திரவம் இலேசாகும். ஓர் எல்லையைத் தாண்டினால் எண்ணெய் மிதக்காமல் அடியில் போய் அமரும். மேலைநாட்டார் இதற்கு ஒலிவ் எண்ணெயைப் பாவித்தார்கள். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தேங்காயெண்ணெயைக் கொண்டு மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டினேன். நூற்றுக்கு 50 பங்கு மதுசாரம் உள்ள கரைசலில் எண்ணெய்த் துளி மேலே தட்டையாக மிதந்தது; 60 பங்கு உள்ளதில் உருண்டு திரண்டு, ஒரு முத்தைப் போல மெல்ல இறங்கி அடியில் தங்கியது. பிள்ளைகள் இரண்டு சோதனைக் குழாய்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சோதனை ஒரே ஓர் எல்லையைத்தான் காட்டும் என்பதையும், எண்ணெயின் தரமும் அறையின் வெக்கையும் மாறினால் அந்த எல்லையே நகர்ந்துவிடும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது வெடிமருந்துச் சோதனை. ஒரு சிட்டிகை வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்து நெருப்பு வைப்பார்கள். சாராயம் நீல நிறமாக எரிந்து முடிந்ததும் மருந்து பற்றிக்கொண்டால் அந்தச் சரக்கு தேறியது; தண்ணீர் மிஞ்சி மருந்து நனைந்துபோய்ப் பற்ற மறுத்தால் தேறவில்லை. தேறியதை 'புரூஃப்' என்றார்கள். பரீட்சையில் நின்றது என்பதே அதன் பொருள். இன்றும் போத்தல்களின் முகப்பில் காணும் அந்தச் சொல் இந்தப் பரீட்சைகளிலிருந்து வந்ததுதான்.

கேட்க நேர்த்தியாக இருந்தாலும் இந்தச் சோதனையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நனைக்க ஊற்றும் அளவு கூடினால், எரிந்த பின் மிஞ்சும் தண்ணீரும் கூடும். அதனால் அதே சாராயம், கொஞ்சமாக ஊற்றினால் தேறும், நிறைய ஊற்றினால் தேறாது. ஊற்றுகிற கை யாருடையதோ அவருடைய பக்கம் முடிவு சாயும். அதிகாரி நேர்மையானவராக இருந்தாலும் வடிப்பவருக்குச் சந்தேகம் தீராது. வடிப்பவர் நேர்மையானவராக இருந்தாலும் அதைக் காட்ட அவருக்கு வழியில்லை. அந்தக் காலத்து அளவைகளின் உண்மையான குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துல்லியம் குறைந்ததைவிட, முடிவு ஒருவருடைய கைக்குள் இருந்ததே பெரிய குறை.

வலுவை அளக்க முடியாத இடத்தில் அரசுகள் வேறு எதையாவது அளந்தன. சென்னை மாகாணத்தில் கள்ளுக்கு மரவரி விதித்தார்கள்: சீவுகிற தென்னை, பனை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. காலையில் முட்டியில் இருப்பதும் மாலையில் முட்டியில் இருப்பதும் ஒன்றல்ல. கள்ளு மணிக்கு மணி புளித்து மாறிக்கொண்டே இருக்கும். மரத்தை எண்ணுவது எளிது, மரம் ஓடிப்போகாது. இலங்கையில் சாராயத்துக்குக் குத்தகை முறை நெடுங்காலம் இருந்தது. ஒரு பகுதியில் விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிடுவார். தவறணையில் ஊற்றிக் கொடுக்கும் சாராயத்தின் வலு அரசின் வருமானத்தைத் தொடாது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த பிறகுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது. அந்தச் சட்டத்தின் வழிவந்த உத்தியோகத்தர்களின் கையில்தான் என் மேசையில் இருப்பதைப் போன்ற பெட்டிகள் இருந்தன.

நீர்மானியின் அடிப்படை பழையது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்கும் என்பது ஆக்கிமிடிசு காலத்திலிருந்து தெரிந்த உண்மை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் தூய மதுசாரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 0.79. ஆகவே சாராயம் வலுக்க வலுக்க, அதில் விட்ட மிதவை ஆழமாக இறங்கும். 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் ஜோன் கிளார்க் என்பவர் இதற்கென்று செப்புக் குண்டு வைத்த கருவியைச் செய்தார். யானைத் தந்தம் சாராயத்தை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடி உடையும் என்பதால்தான் செப்பு தெரிவு செய்யப்பட்டது. கிளார்க்கின் கருவியைச் சட்டமே 1787 இல் ஏற்றுக்கொண்டது. வெடிமருந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்: அதிகாரி பார்க்கும் அதே கோட்டை வடிப்பவரும் குனிந்து பார்க்கலாம்.

ஆனால் இரண்டு சிக்கல்கள் அதைத் தொடர்ந்து வந்தன.

ஒன்று, சீனிப்பாகு. மிதவைக்குத் தெரிவது அடர்த்தி மட்டுமே. அந்த அடர்த்தி எதனால் வந்தது என்பதை அது அறியாது. சாராயத்தில் பாகைக் கரைத்தால் அடர்த்தி ஏறும், மிதவை உயர்ந்து நிற்கும், சரக்கு வலுக்குறைந்ததாகத் தோன்றும், தீர்வை குறையும். இங்கிலாந்தின் வடிப்பாளர்கள் இந்த வழியை நன்றாகவே அறிந்திருந்தார்கள். நிறத்துக்காகக் கருக்கிய சீனி சேர்க்கும் சாராயங்களிலும் இதே மறைப்பு, ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே நேர்ந்துவிடுகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: அளந்து எடுத்த மாதிரியை மீண்டும் வடித்து, பாகையும் நிறத்தையும் குடுவையில் விட்டுவிட்டு, வடிந்ததை வடித்த நீர் சேர்த்துப் பழைய கனவளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு நீர்மானியை விடுவது. ஆய்வுகூடங்களில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மற்றையது இதைவிட ஆழமானது. மதுசாரமும் தண்ணீரும் சேரும்போது கனவளவு குறைகிறது. இதை வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை; ஆகவே ஒவ்வோர் ஆண்டும் செய்து காட்டுவேன். ஓர் அளவுச்சாடியில் 50 மில்லிலீற்றர் எதனோல், இன்னொன்றில் 50 மில்லிலீற்றர் தண்ணீர். இரண்டையும் 100 மில்லிலீற்றர்ச் சாடியில் ஊற்றியதும் உள்ளே மெல்லிய இழைகளாக ஏதோ நெளியும், நுண்ணிய குமிழிகள் எழும், சாடி கைக்கு இளஞ்சூடாகத் தெரியும். சூடு ஆறும் வரை காத்திருந்து, பிறையுருவின் அடிவிளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் 97 க்கு அருகில் நிற்கும். மிச்சம் எங்கே போனது என்று மேசையைத் துடைத்துப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. எங்கும் போகவில்லை, இரண்டு வகை மூலக்கூறுகளும் தனித்தனியே இருந்ததைவிட நெருக்கமாக அமர்ந்துகொள்கின்றன.

தீர்வைக் கணக்குக்கு இதனால் வந்த தொல்லை பெரிது. அடர்த்தி 1 க்கும் 0.79 க்கும் இடையில் இவ்வளவு என்றால் மதுசாரம் இவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போல விகிதம் போட்டுச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கலவையையும் செய்து, நிறுத்து, எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரித்தானிய அரசு அந்த வேலையை இலண்டனின் அறிவியல் கழகமான றோயல் சொசைற்றியிடம் ஒப்படைத்தது. சார்ல்ஸ் பிளாக்டன் பொறுப்பேற்று 1790 இல் அறிக்கை அளித்தார். அந்தக் கழகத்தின் எழுத்தராக இருந்த ஜோர்ஜ் கில்பின் கலவை கலவையாக, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் நிறுத்து, விரிவான அட்டவணைகளை 1794 இல் வெளியிட்டார். அளவையின் வரலாற்றில் கில்பினின் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை. தராசின் முன்னால் ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு நான் முதல் மரியாதை செய்வேன். பின்னாளில் ருஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவும் மதுசாரமும் தண்ணீரும் சேர்வதைப் பற்றியே 1865 இல் தமது ஆய்வேட்டை எழுதினார். வொட்காவுக்கு 40 சதவீதம் என்று விதித்தவர் அவரே என்ற கதை இணையத்தில் உலாவுகிறது. அந்த ஆய்வேடு அதற்காக எழுதப்பட்டதன்று.

வெப்பநிலை என்ற விடயம் இங்கேதான் உள்ளே வருகிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் கை வைத்துப் பார்த்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு, ஒரே நீர் பல சூட்டில் இருக்கும் என்பதைச் சொல்லித் தரத் தேவையில்லை. சூடேறினால் தண்ணீர் சிறிதே விரியும், மதுசாரமோ அதைப்போலப் பல மடங்கு விரியும். இங்கிலாந்தின் குளிர்ந்த நிலவறையில் 51 பாகை பரனைட்டில், அதாவது 10.5 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் ஒரு சாராயத்தை, திருகோணமலையின் 30 பாகை செல்சியஸ் வெக்கையில் அளந்தால், எதையும் சேர்க்காமலே அது ஆறேழு சதவீதம் வலுக் கூடியதாகத் தோன்றும். நூறு கலன் சரக்கின் கனவளவும் ஒன்றரைக் கலனுக்குச் சற்று மேலாகக் கூடியிருக்கும். வெப்பமானியைப் பார்க்காமல் தீர்வை கணக்கிட்டால் வெயிலுக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியதுதான். கிளார்க் தமது கருவியில் பருவநிலைக்கெனத் தனியான எடைகளைச் சேர்த்துப் பார்த்தார். எடைகள் பெருகிப் பெருகி, கருவியைக் கையாள்வதே பாடாயிற்று.

இந்த இடத்தில் பார்த்தலொமியூ சைக்ஸ் வருகிறார். அவர் தீர்வைத் துறையிலேயே வேலை பார்த்தவர். பீப்பாய்களுக்கு நடுவில் நின்று அளந்தவர் என்பதால், எது கையில் நிற்கும், எது நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கருவியில் ஒன்பது எடைகளும் ஒரு தண்டும் மட்டும். வெப்பத்துக்கான திருத்தம் முழுவதும் அட்டவணைப் புத்தகத்தில். சரக்கு வலுக் கூடியது என்றால் சிறிய எடை, வலுக் குறைந்தது என்றால் பெரிய எடை. அந்த எடையைக் கீழ்த்தண்டில் கொளுவி, கருவியை விட்டு, மேல்தண்டின் கோட்டைப் படித்து, இரண்டையும் கூட்டினால் 0 முதல் 100 வரையில் ஓர் எண் வரும். வெப்பமானியில் இன்னோர் எண். புத்தகத்தில் அந்த வெப்பநிலைக்குரிய பக்கத்தை விரித்து, முதல் எண்ணுக்கு நேரே பார்த்தால் வலு. ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் ஆளுக்கொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். போட்டிக்கு வந்த பல கருவிகளுக்கு நடுவில் இது தெரிவானது. சைக்ஸ் 1803 இல் காலமானார்; 1816 இல் அவருடைய நீர்மானி சட்டமானதை அவர் காணவில்லை. அதை முறைப்படி செய்து கொடுத்தவர் றொபேர்ட் பேற் என்ற இலண்டன் கருவிக்காரர்.

புரூஃப் என்றால் என்ன என்பதற்கும் சட்டம் ஒரு வரையறையைத் தந்தது. 51 பாகை பரனைட்டில், அதே கனவளவான வடித்த நீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடையுள்ள சாராயமே புரூஃப். இன்றைய கணக்கில் அது கனவளவில் 57.1 சதவீத மதுசாரம். எடையில் பார்த்தால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. முதலில் படித்தபோது இந்த 12/13 எனக்கு விசித்திரமாகப் பட்டது. வசதியான ஒரு முழு எண்ணை வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். பெட்டியிலிருந்த சதுரத் தொப்பியைப் புரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. கருவியையும் 60 என்ற எடையையும் சேர்த்து நிறுத்தால் வரும் எடையில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அந்தத் தொப்பியின் எடை. புரூஃப் சாராயத்தில் 60 எடையோடு தண்டின் எந்தக் கோடு வரை கருவி இறங்குமோ, தொப்பியையும் மேலே வைத்தால் வடித்த நீரில் அதே கோடு வரை இறங்கும். பன்னிரண்டு பங்கு பதின்மூன்று பங்காகிறது, அவ்வளவுதான். ஆகவே ஓர் உத்தியோகத்தரின் கருவி பிழை என்று யாராவது வழக்காடினால், இலண்டனுக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. ஒரு சாடி சுத்தமான குளிர்ந்த நீர் போதும். வரையறைக்கு உள்ளேயே சோதனையையும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய பித்தளைத் துண்டில் இவ்வளவு நியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதிலிருந்து கணக்குகள் ஒழுங்காக விரிந்தன. புரூஃபை 100 பாகை என்று கொண்டார்கள்; இது வெப்பநிலைப் பாகை அல்ல, வலுவின் பாகை. நூறு கலன் சரக்கு புரூஃபுக்கு 20 பாகை மேல் என்றால் 120 புரூஃப் கலனுக்குத் தீர்வை; 25 பாகை கீழ் என்றால் 75 புரூஃப் கலனுக்கு. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் தொகை மாறாது. இந்தியாவின் போத்தல்களில் 42.8 சதவீதம் என்று ஏன் ஒட்டியிருக்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அது புரூஃபுக்கு 25 பாகை கீழ், அதாவது 75 பாகை புரூஃப் என்ற பழைய கணக்கின் நேரடி மொழிமாற்றம். சதவீதத்தை 1.75 ஆல் பெருக்கினால் பிரித்தானியப் புரூஃப் கிடைக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் சாராயம் பெரும்பாலும் 33.5 சதவீதம், புரூஃப் கணக்கில் 58.6, ஆகவே 41 பாகைக்குச் சற்று மேலாகக் கீழே. அமெரிக்கர்கள் 50 சதவீதத்தை 100 புரூஃப் என்று வைத்துக்கொண்டதால், ஒரே 40 சதவீதச் சரக்கு அங்கே 80, இங்கிலாந்தில் 70.

திருகோணமலையில் இருந்துகொண்டு கடற்படையைச் சொல்லாமல் போக முடியாது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்தது. மாலுமிகளுக்கு நாள்தோறும் றம் அளந்து கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலம் முழுவதும் இருந்தது. அந்த றம்மின் வலு 95.5 புரூஃப், அதாவது ஏறத்தாழ 54.6 சதவீதம். 1740 இல் அட்மிரல் வேர்னன் ஒரு பங்கு றம்மோடு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கொடுக்கும்படி கட்டளையிட்டார். மாலுமிகளுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிய சந்தேகம் என்றும் தீரவில்லை. கப்பலில் வெடிமருந்துக்கா பஞ்சம்? நனைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள் என்ற கதைகள் அதனால்தான் கடற்படையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நாளாந்த றம் படி 1970 ஜூலை 31 ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது.

பிரான்சில் கே-லூசாக் என்ற இரசாயனவியலாளர் 1824 இல் இதைவிட எளிய வழியைத் தந்தார். அவருடைய மிதவையின் தண்டில் நேரே சதவீதம். 15 பாகை செல்சியஸில் தூய நீருக்கு 0, தூய மதுசாரத்துக்கு 100. ஒரு இரசாயனவியல் ஆசிரியனாக நான் கே-லூசாக்கின் பக்கம்தான் நிற்பேன். மாணவருக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். உலகமும் இறுதியில் அந்தப் பக்கமே வந்தது. பிரித்தானியா 1980 இல் சைக்ஸையும் புரூஃபையும் விட்டு, 20 பாகை செல்சியஸில் கனவளவுச் சதவீதம் என்ற முறைக்கு மாறியது. எங்கள் நாட்டு மதுவரிக் கணக்குகளில் புரூஃப் லீற்றர் என்ற சொல் அதன் பிறகும் நெடுநாள் தங்கியிருந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு, என்னிடம் இருக்கும் கருவி இன்னும் உண்மை சொல்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொப்பிச் சோதனைக்கு வேண்டியது 60 எடை, தொப்பி, வடித்த நீர், 51 பாகை. முதல் இரண்டும் பெட்டியில் இருந்தன. வடித்த நீரைப் பட்டரிக்கு ஊற்றவென்று விற்கும் கடையில் வாங்கினேன். 51 பாகைதான் கடினம். மார்கழி மழையிலும் இங்கே அந்தக் குளிர் வராது. மீன்காரருக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடத்தில் ஒரு வாளி வாங்கி வந்து, உயரமான கண்ணாடிச் சாடியை அதற்குள் கழுத்துவரை புதைத்தேன். உருகும் ஐஸ் நீர் உள்ளே ஒரு துளியும் விழக்கூடாது என்பதற்காக, ஐயாவின் பேத்தி சாடியின் வாயைத் தட்டால் மூடியபடி நின்றாள். ஐயா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

பித்தளையில் கை எண்ணெய் பட்டிருந்தால் நீர் ஒட்டாது என்பதால் முதலில் எதனோலில் நனைத்த துணியால் முழுவதும் துடைத்தேன். எங்கள் ஆய்வுகூட வெப்பமானி 10.5 ஐக் காட்டியதும் சாடியை வெளியே எடுத்து, கருவியைத் தண்டின் நுனியில் பிடித்து, மெதுவாக இறக்கி விட்டேன். இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கி நின்றது. புரூஃபுக்குரிய கோடு நீர்மட்டத்துக்கு வெகுதூரம் மேலே நின்றது. மனம் தளர்ந்துபோனது. "மாஸ்டர், கீழ பாருங்கோ. குண்டுக்கு அடியில காத்து" என்றார் ஐயா. 60 எடையின் வெட்டுவாயில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தது. எடுத்து, உதறி, மீண்டும் விட்டேன். சாடியின் வெளிப்புறம் வியர்த்து மறைத்ததால் பிள்ளை துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய், அந்த மட்டம் ஒரு கோடாகச் சுருங்கும் இடத்தில் பார்த்தேன். குறி நீருக்கு மேலே, அரைச் சின்னக்கோடு அளவு உயர்ந்து நின்றது. மூவரும் ஒருவர் மாறி ஒருவர் குனிந்து பார்த்தோம், மூவருக்கும் அரைக்கோடுதான்.

"பித்தளை தேய்ஞ்சு இலேசாகிட்டுது. இலேசானால் உயர நிக்கும், சரக்கு வலுக் குறைஞ்ச மாதிரிக் காட்டும். தேய்மானம் எப்பவும் வடிசாலைக்காரன்ர பக்கம்தான் சாயும்" என்று சொல்லிவிட்டு, ஐயா அட்டவணைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். மங்கிய பென்சில் எழுத்தில், அவருடைய கையெழுத்தில், '60 – அரைக்கோடு மேல், கழிக்க' என்று இருந்தது. கீழே திகதி, அதற்கும் கீழே இரண்டு கையொப்பங்கள், ஒன்று அவருடையது, மற்றது வடிசாலைக்காரருடையது.